கை-கால்-வாய் நோய்: கொப்புளம் காயும்வரை டே கேருக்கு அனுப்பக் கூடாதா?

மழலைக்கூடம்:
மழை தொடங்கியதும் டே கேர்களில் கை-கால்-வாய் நோய் வரிசை கட்டி வருகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, அனுப்பட்டுமா?" என்று கேட்டால் பல மையங்கள் சரி என்றுவிடுகின்றன. இது தப்பு. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 7 நாள் வீட்டில் இருக்கட்டும். கொப்புளம் எல்லாம் காய்ந்த பிறகு, டாக்டர் சர்டிபிகேட்டோடு வரட்டும். 2022-இல் கேரளத்தில் "தக்காளிக் காய்ச்சல்" வந்தபோது மத்திய சுகாதார அமைச்சகமே 5 முதல் 7 நாள் தனிமைப்படுத்தச் சொன்னது. அதை நாம் ஏன் தளர்த்த வேண்டும்?

நாடித்துடிப்பு:
அந்தத் தக்காளிக் காய்ச்சலும் இதே குடும்பம்தான். கேரளத்திலிருந்து பிரிட்டன் திரும்பிய இரண்டு குழந்தைகளுக்குப் பரிசோதித்ததில் கை-கால்-வாய் நோயைத் தரும் காக்ஸாக்கி ஏ16 வைரஸ் என்று வந்தது.

உங்கள் விதியில் எனக்குள்ள சிக்கல் வேறு. முதல் வாரம்தான் அதிகம் தொற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொப்புளம் காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறும். 8-ஆம் நாள் சர்டிபிகேட்டோடு வரும் குழந்தையின் டயப்பரிலும் அது இருக்கும். அறிகுறியே காட்டாமல் வைரஸை வெளியேற்றும் குழந்தைகளும் உண்டு, அவர்களை எந்த விதியும் பிடிக்காது. சர்டிபிகேட் எழுதும் டாக்டர் எதைப் பார்த்து "இனி தொற்றாது" என்று எழுதுவார்?

காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, வாய்ப்புண்ணால் எச்சில் ஒழுகவில்லை, குழந்தை சாப்பிட்டு விளையாடுகிறது என்றால் போதும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

வெண்ணிலவு:
நாடித்துடிப்பு டாக்டர், "மருந்து கொடுக்காமலே" என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. பாராசிட்டமால் சிரப் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். காலை ஏழரைக்குக் கொடுத்துக் கூட்டிவந்தால் வாசலில் தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டாது, மதியம் சுடும். அதனால் "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்காமல், "கடைசியா மருந்து எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டு நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். 12 மணிக்கு இன்னொரு முறை பாருங்கள். 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

மழலைக்கூடம், ஒரு வாரம் கட்டாயம் என்றால் லீவு கிடைக்காத அம்மா சிரப் கொடுத்து மறைப்பார். விதி கடுமையாகும்போது உங்களுக்கு வரும் தகவல் குறையும். முதல் குழந்தைக்கு வந்திருப்பது தெரியாமல் போனால் மற்றப் பெற்றோரை எப்படி எச்சரிப்பீர்கள்?

மழலைக்கூடம்:
மறைப்பார்கள் என்பதற்காக விதியே வேண்டாம் என்றால் எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கைக்குழந்தை அறையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. ஆளுக்கு நாலு முறை மாற்றினால் ஒரு நாளைக்கு 40 டயப்பர். மேடையில் தாள் விரித்து, கையுறை போட்டு, துடைத்து, மாற்றி, பிள்ளையின் கையையும் கழுவி, மேடையைத் துடைத்து, தன் கையைக் கழுவ 5 நிமிடம் என்றாலும் 200 நிமிடம். மூன்று மணி 20 நிமிடம் டயப்பருக்கே போனால் மற்ற ஒன்பது பேரை யார் பார்ப்பது? முதலில் விட்டுப்போவது கைகழுவல்தான். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது வேறு, கொப்புளத்து நீரிலும் வைரஸ் இருக்கிறது. அந்த அறைக்கு நாள் கணக்கைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

நாடித்துடிப்பு:
இதுதான் உண்மையான பிரச்சினை. ஆனால் மாற்ற வேண்டியது வேலைப் பங்கீடு. டயப்பர் மாற்றுபவர் அன்று பால் கலக்கக் கூடாது, சோறு ஊட்டக் கூடாது. இன்னொரு அறை ஆயாவோடு நேரம் மாற்றிக்கொண்டாவது இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்? பல இடங்களில் ஃபினாயில், வாசலில் சானிடைசர். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஆல்கஹாலை அது நன்றாகவே தாங்கும், ஃபினாயிலையும் நம்ப முடியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 வினாடி, அது வைரஸைக் கையிலிருந்து அலசித் தள்ளிவிடும்.

மேடைக்கும் பொம்மைக்கும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்) 1000 பிபிஎம், அதாவது 0.1%. பாட்டிலில் 4% என்றிருந்தால் 25 மில்லி எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேருங்கள். 10% என்றால் 10 மில்லி. 30% குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடரானால் லிட்டருக்கு 3.5 கிராம், தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். திறந்து பல மாதமான பவுடரில் குளோரின் போயிருக்கும். முதலில் சோப்பால் அழுக்கை எடுங்கள். மலமோ பாலோ ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஹைப்போ பூசி 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். போட்ட கையோடு துடைத்துவிடுவதால்தான் பல இடங்களில் பலன் இல்லை. வாயில் வைக்கும் பொம்மையை அதன்பின் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். டாய்லெட் ஆசிட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

சிராங்கூன்வாசி:
சிங்கப்பூரில் கை-கால்-வாய் நோய் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. 2000-ஆம் ஆண்டு இங்கே இதே நோயைக் கடுமையாகத் தரும் என்டரோவைரஸ் 71 என்ற வகை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள், பாலர் பள்ளிகளை மூடினார்கள். அதனால் "லேசான நோய்தானே" என்பதை இங்கே யாரும் சுலபமாக ஏற்பதில்லை. காலையில் பிள்ளையின் உள்ளங்கை, உள்ளங்கால், வாய் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். மழலைக்கூடம் பக்கம் ஓர் ஓட்டு.

வெண்ணிலவு:
அந்த வாசல் சோதனை இங்கேயும் வரவேண்டும், செலவே இல்லை. வெளிச்சத்தில் பாருங்கள். முதல் டயப்பர் மாற்றும்போது பிட்டத்தையும் முழங்காலையும் சேர்த்துப் பாருங்கள், பல பிள்ளைகளுக்கு அங்கேயும் கிளம்பும். இதை "அம்மை" என்று சொல்லி வேப்பிலையோடு வீட்டில் வைப்பவர்கள் நிறைய. சின்னம்மை உடம்பிலும் முகத்திலும் கொத்துக்கொத்தாக வரும், அதற்குக் கடைசிக் கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை வீடு என்பது சரி. அந்த விதியை அப்படியே இதற்கும் போட்டதில்தான் இந்தக் குழப்பமே.

நாடித்துடிப்பு:
சிராங்கூன்வாசி, 71 வகையை நானும் லேசாக எடுக்கவில்லை. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், தூக்கத்தில் தூக்கிப்போடுவது, ஓயாத வாந்தி, தள்ளாடும் நடை, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, 8 மணி நேரம் சிறுநீர் இல்லாதது, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. இதை அச்சடித்து ஒவ்வொரு பெற்றோர் கையிலும் கொடுங்கள்.

மழலைக்கூடம்:
சர்டிபிகேட்டை எடுத்துவிடலாம், அதில் நீங்கள் சொல்வது சரி. மூன்று வயதுக்கு மேல், கழிப்பறைக்குப் போகப் பழகிய பிள்ளைக்கு உங்கள் 24 மணி நேர விதியும் சரி. கைக்குழந்தை அறைக்கு 7 நாளை விடமாட்டேன், அந்த 40 டயப்பர் கணக்கு மாறும்வரை.

நாடித்துடிப்பு:
அந்த அறைக்கு 7 நாள் வைத்தால் 8-ஆம் நாளும் ஹைப்போவை நிறுத்தாதீர்கள், மலத்தில் வைரஸ் இன்னும் இருக்கும். இன்னொன்று, நோய் தீர்ந்து சில வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு நகம் அடியிலிருந்து கழன்று வரும், உள்ளங்கைத் தோலும் உரியும். அது தொற்றாது, புது நகம் தானே வளரும். அதைப் பார்த்துப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.