டெக் பங்குகளைக் கட்டி மேய்ப்பது: எடை, விலை, வரி (புனைபெயர்களில் சிலர் மாறி மாறி எழுதிய அனுபவப் பகிர்வு)

கணக்கர்

எந்த டெக் பங்கை வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கியதை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. நல்ல கம்பெனியையே தாங்க முடியாத அளவுக்கு வைத்திருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள். அதனால் எடையிலிருந்து, அதாவது மொத்த முதலீட்டில் ஒரு பங்கோ துறையோ எத்தனை சதவீதம் என்பதிலிருந்து, தொடங்குவோம்.

ஐடி ஊழியர் ஒருவரின் 40 லட்சம் ரூபாய் போர்ட்ஃபோலியோவை (மொத்த முதலீட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸிகேப் ஃபண்டில் (சிறிது, பெரிது என எல்லா அளவுக் கம்பெனிகளிலும் போடுவது) 12 லட்சம், நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் 8 லட்சம், அமெரிக்காவின் நாஸ்டாக் 100 ஃபண்டில் 6 லட்சம், அலுவலகம் கொடுத்த ஆர்எஸ்யூ (சம்பளத்தின் பாகமாகத் தரும் கம்பெனிப் பங்கு) 9 லட்சம், நேரடியாக வாங்கிய ஐடி பங்குகள் 5 லட்சம். "டெக் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் அந்த 5 லட்சத்தை மட்டும் நினைத்து "எட்டில் ஒரு பங்கு" என்பார். முதல் இரண்டு ஃபண்டுகளிலும் ஐடி 12 சதவீதம் என்று வைத்தால் 2.4 லட்சம். அதோடு நாஸ்டாக் 6, ஆர்எஸ்யூ 9, நேரடிப் பங்கு 5 சேர்த்தால் 22.4 லட்சம். அதாவது 56 சதவீதம். சம்பளமும் அதே துறையிலிருந்து வருகிறது. சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆரில் வாங்கிய ஃபிளாட்டின் வாடகையும் அதே துறை ஆட்களை நம்பித்தான் இருக்கிறது.

ஃபண்டு கம்பெனியின் மாத அறிக்கையில் "தொழில்நுட்பம்" என்று போட்டிருக்கும் சதவீதத்தை அப்படியே எடுக்காதீர்கள். 2018 செப்டம்பரில் உலகத் துறை வகைப்பாட்டை மாற்றியபோது ஆல்ஃபபெட்டும் ஃபேஸ்புக்கும் தகவல் தொடர்புத் துறைக்குப் போய்விட்டன. அமேசான் முன்பிருந்தே நுகர்வோர் துறையில்தான் இருக்கிறது. நம் ஊரிலும் சொமாட்டோ, இன்றைய எட்டர்னல், நுகர்வோர் சேவையில் வருகிறது. பேடிஎம் நிதிச் சேவையில் வருகிறது. விழும்போது இவை எல்லாம் ஒன்றாகத்தான் விழும். துறைப் பெயரை விட்டுவிட்டுக் கம்பெனி பெயர்களை வரிசையாக எழுதிக் கூட்டுங்கள்.

மதுரை வாசகர்

கணக்கர் சார் எடையைச் சொன்னார். விலையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

வளர்ச்சிப் பங்கில் கம்பெனி நன்றாக ஓடியும் பணம் கரைவது பலருக்குப் புரிவதில்லை. ஒரு பங்கின் லாபம் 10 ரூபாய், பிஇ (விலை லாபத்தைப்போல் எத்தனை மடங்கு) 80, விலை 800 என்று வையுங்கள். ஐந்து வருடம் லாபம் ஆண்டுக்கு 25 சதவீதம் வளர்கிறது. லாபம் 30.5 ரூபாய் ஆகிவிடும். அதற்குள் சந்தை கொடுக்கும் பிஇ 25-க்கு வந்துவிட்டால் விலை 763. லாபம் மூன்று மடங்காகியும் போட்டவருக்கு நஷ்டம். பிஇ 40-ல் நின்றால் விலை சுமார் 1,220. ஆண்டுக்கு 9 சதவீதம்கூடத் தேறாது. வாங்கும் முன் இந்த இரண்டு கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை.

இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்க நெட்வொர்க் கருவிக் கம்பெனி சிஸ்கோ. 2000 மார்ச்சில் 80 டாலரைத் தொட்டது. அதன்பின் விற்பனை இரண்டரை மடங்குக்கு மேல் வளர்ந்தும் பங்கு அந்த விலையை மீண்டும் தாண்டியது 2025 டிசம்பரில்தான். கம்பெனி பிழைத்தது, லாபமும் ஈட்டியது. உச்சியில் வாங்கியவர் டிவிடெண்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் கால் நூற்றாண்டு காத்திருந்தார்.

அமெரிக்க மென்பொருள் பங்குகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளம் ரொக்கச் செலவு இல்லை என்பதால் பணப்புழக்கக் கணக்கில் திரும்பக் கூட்டிவிடுவார்கள். செயல்பாட்டுப் பணவரவு 1,000, மூலதனச் செலவு 150, பங்குச் சம்பளம் 400 என்றால் அறிக்கையில் மிஞ்சும் பணம் 850 என்று வரும். உண்மையில் பங்குதாரருக்கு மிஞ்சுவது 450. சந்தை மதிப்பு 34,000 என்றால் 40 மடங்கு என்று நினைத்து வாங்கியது 75 மடங்குக்கு மேல் போய் நிற்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய டைல்யூட்டட் பங்கு எண்ணிக்கையையும் (ஊழியருக்குத் தர வேண்டிய பங்குகளையும் சேர்த்தது) இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பைபேக் செய்தும் (கம்பெனி தன் பங்கையே திரும்ப வாங்கியும்) எண்ணிக்கை குறையவில்லை என்றால், புதிதாக அச்சடித்த பங்குகளை ஈடுகட்டவே அந்தப் பணம் போயிருக்கிறது.

கொங்கு முதலீட்டாளர்

எப்போது குறைப்பது என்று யாரும் எழுதவில்லையே, நான் தொடர்கிறேன்.

வாங்கும் அன்றே மூன்று எண்களை எழுதி வைத்துவிடுவது நல்லது. இலக்கு எடை, குறைக்கத் தொடங்கும் எடை, குறைத்து நிறுத்தும் எடை. ஒரு தனிப் பங்குக்கு 5, 8, 6 என்று வைக்கலாம். 8 சதவீதத்தைத் தொட்டால் 6 வரை விற்பது. 5 வரை வெட்டாமல் விடுவதற்குக் காரணம் உண்டு: ஓடுகிற பங்கை ஒவ்வொரு முறையும் அடிவரை அறுத்தால் வரி கட்டியே ஓய்ந்துவிடுவோம். விலை ஏறியதும் மனசு "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும். எழுதி வைத்த எண் இருந்தால்தான் கை போகும்.

2022-ல் மெட்டா 64 சதவீதம் விழுந்தது, 2023-ல் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. 5 சதவீதம் வைத்திருந்தவருக்குப் போர்ட்ஃபோலியோவில் 3.2 சதவீத அடி. தூக்கம் கெடாது, அடுத்த ஏற்றம் வரை உட்கார்ந்திருக்க முடியும். 25 சதவீதம் வைத்திருந்தவருக்கு 16 சதவீதம் போயிற்று. அப்படி வைத்திருந்தவர்கள்தான் அடிமட்டத்தில் பயந்து விற்றது. இத்தனைக்கும் இருவரும் வாங்கியது ஒரே பங்கு.

விழும்போது ஆவரேஜ் செய்வதற்கும் (மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதற்கும்) கட்டு வேண்டும். விலை இறங்கியது என்பதற்காக மட்டும் பணம் போடாதீர்கள். அடுத்த இரண்டு காலாண்டு முடிவுகளில் விற்பனை வளர்ச்சியும் லாப மார்ஜினும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். போட்ட முதலைக் கணக்கிட்டு ஒரு பங்குக்கு மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். 80 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்கு வர 400 சதவீதம் ஏற வேண்டும். நாஸ்டாக் காம்போசிட் மொத்தமாகவே 2000 மார்ச் 10-ல் 5,048 என்ற முடிவிலிருந்து 2002 அக்டோபர் 9-ல் 1,114-க்கு வந்தது. பழைய உச்சியைப் பார்க்க 2015 ஆயிற்று.

புதிதாகப் பட்டியலிட்ட பங்குகளில் லாக்-இன் (பழைய பங்குதாரர்கள் விற்கக் கூடாத காலம்) முடியும் தேதியை ஐபிஓ ஆவணத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். சொமாட்டோ 76 ரூபாய்க்கு வெளியாகி ஒரு வருடம் கழித்து, 2022 ஜூலை 25-ல் பழைய பங்குதாரர்களின் பூட்டு திறந்தது. அன்று ஒரே நாளில் 11 சதவீதம் இறங்கியது. அது பின்னர் பல மடங்கு ஏறியதும் உண்மை. அவசரப்படாமல் அந்தத் தேதி தாண்டி வாங்கியவருக்கு மலிவாகக் கிடைத்தது.

வரிக்கணக்கு

இந்தியப் பங்குகளுக்கு 2024 ஜூலை 23 முதல் 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் போக மீதிக்கு 12.5 சதவீதம். 3 லட்சம் லாபத்தைப் பதினொன்றாம் மாதத்தில் எடுத்தால் வரி 60,000. ஒரு வருடம் தாண்டி எடுத்தால் 21,875. செஸ் தனி. எடை அவசரமாகக் குறைக்க வேண்டிய நிலை இல்லாவிட்டால் சில வாரம் பொறுப்பது லாபம். ஒரே பங்கைப் பலமுறை வாங்கியிருந்தால் டிமேட்டில் முதலில் வந்தது முதலில் போகும். நேற்று வாங்கியதைத்தான் விற்கிறேன் என்று சொல்ல முடியாது.

1.25 லட்சம் விலக்கைப் பயன்படுத்த விற்றுவிட்டுத் திரும்ப வாங்குகிறவர்கள் செய்யும் தவறு, அதே நாளில் அதே சந்தையில் வாங்குவது. இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்து இன்ட்ராடே (ஒரே நாள் வியாபாரம்) ஆகிவிடும், பழைய பங்கு நகரவே நகராது. அடுத்த வேலை நாளில் வாங்குங்கள். நஷ்டத்தை எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும்.

ஓஎம்ஆர் வாசி

ஆர்எஸ்யூ வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. வரிக்கணக்கு அண்ணன் சொன்ன 12 மாதமும் 1.25 லட்சமும் அமெரிக்கப் பங்குக்குப் பொருந்தாது. அதற்கு 24 மாதம். தாண்டினால் முதல் ரூபாயிலிருந்தே 12.5 சதவீதம், தாண்டாவிட்டால் உங்கள் வருமான வரி ஸ்லாப்.

வெஸ்ட் ஆன (பங்கு உங்கள் பெயருக்கு வந்த) அன்றைய சந்தை மதிப்பு சம்பளத்தோடு சேர்ந்து வரி கட்டியாயிற்று. அதனால் அந்த மதிப்புதான் உங்கள் அடக்க விலை. தரகர் அறிக்கையில் அடக்க விலை பூஜ்யம் என்று இருந்தால் அப்படியே எடுத்துப் போட்டு இரண்டு முறை வரி கட்டாதீர்கள். வெஸ்ட் ஆனதும் விற்றால் மூலதன லாபமே கிட்டத்தட்ட இல்லை. எடையைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. விற்கும் முன் அலுவலகத்தின் டிரேடிங் விண்டோ (ஊழியர்கள் பங்கை விற்க அனுமதிக்கும் காலம்) திறந்திருக்கிறதா, முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுகிறது. 2025-26 நிதியாண்டு ரிட்டர்னில் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை வைத்திருந்தது வரும். 2026 பிப்ரவரியில் வெஸ்ட் ஆனது சம்பளத்தில் வரும், இந்த அட்டவணையில் அடுத்த வருடம்தான் வரும். ரூபாயாக மாற்ற ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (டிடி) வாங்கும் விகிதம். விற்ற லாபத்துக்கு, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் விகிதம். 2024 அக்டோபர் முதல் மொத்தம் 20 லட்சம் வரையுள்ள அசையும் சொத்தைக் காட்டத் தவறியதற்கு 10 லட்சம் அபராதம் இல்லை. ஆனாலும் காட்டுவது கட்டாயம்தான்.

டிவிடெண்டில், டபிள்யூ-8பென் (அமெரிக்க வரிக்கு நீங்கள் வெளிநாட்டவர் என்று அறிவிக்கும் படிவம்) கொடுத்திருந்தால் அங்கே 25 சதவீதம் பிடிப்பார்கள். 2025-26 கணக்குக்குப் படிவம் 67 போட்டு அதை இங்கே ஈடுசெய்துகொள்ளலாம். பலர் படிவம் போடாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு. அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டவர் இறந்தால், அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகளில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு எஸ்டேட் வரி உண்டு. 40 சதவீதம் வரை போகும். இந்தியாவுக்கு இதில் ஒப்பந்தம் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் 1.5 லட்சம் டாலர் ஆர்எஸ்யூ குவிந்து கிடக்கும் வீடுகள் உண்டு. மனைவிக்கோ கணவருக்கோ அந்தக் கணக்கு இருப்பதை இன்றைக்கே சொல்லுங்கள்.

மதுரை வாசகர்

இங்கிருந்தே நாஸ்டாக் இடிஎஃப் (சந்தையில் பங்குபோல் வாங்கி விற்கும் ஃபண்டு) வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபண்டு துறை முழுவதற்கும் வெளிநாட்டு முதலீட்டு வரம்பு 700 கோடி டாலர், வெளிநாட்டு இடிஎஃப்களில் போடத் தனியாக 100 கோடி. வரம்பு நிரம்பினால் புது யூனிட் உருவாக்க முடியாது. வாங்க ஆள் அதிகம், யூனிட் குறைவு, விலை என்ஏவியை (யூனிட்டின் உண்மை மதிப்பை) விட்டு மேலே பறக்கும். ஐ-என்ஏவி (அந்த நேரத்து என்ஏவி) 200, சந்தை விலை 230 என்றால் 15 சதவீதம் சும்மா கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். வரம்பைத் தளர்த்திய மறுநாளே அது காணாமல் போகலாம். லிமிட் ஆர்டர் (விலை வரம்பு குறித்த ஆர்டர்) போட்டு, இந்தக் கூடுதல் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் முதலீடு செய்ய நேரடியாகப் பணம் அனுப்பினால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போவதற்கு 20 சதவீத டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். அது வரிக் கணக்கில் திரும்ப வரும். சம்பளத்தில் பிடிக்கும் வரியோடு சரிக்கட்டும்படி அலுவலகத்தில் சொன்னால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

கணக்கர்

தொடக்கத்தில் சொன்ன 56 சதவீதத்தை 30-க்கு இறக்க 10.4 லட்சம் வெளியே வர வேண்டும். முதலில் ஆர்எஸ்யூவில் அண்மையில் வெஸ்ட் ஆன, லாபம் அதிகம் ஏறாத லாட்டுகளாகப் பார்த்து 6 லட்சம். நேரடி ஐடி பங்கு 5 லட்சத்தின் அடக்க விலை 2 லட்சம், எல்லாமே ஒரு வருடம் தாண்டியது என்றால் மார்ச்சில் 1.25 லட்சம் லாபம் வரும்படி விற்று, ஏப்ரலில் இன்னொரு 1.25 லட்சத்துக்கு விற்கலாம். 4.17 லட்சம் வரியில்லாமல் வெளியே வந்துவிடும். பாக்கி 23 ஆயிரத்தை விற்கவே வேண்டாம். நாஸ்டாக் ஃபண்டுக்கு மாதாமாதம் போகும் எஸ்ஐபியை நிறுத்தி வேறு பக்கம் திருப்பினால் சில மாதத்தில் தானாகச் சரியாகும். மார்ச் பாகத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். கணக்கில் எடுப்பது தரகர் தரும் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள தேதிதான். ஆனால் மாதக் கடைசியில் சந்தை விடுமுறை வந்து விழுந்துவிட்டால் அந்த ஆண்டின் விலக்கு போயே போய்விடும்.