புதுப்பிப்பு: பெண்கள் பள்ளித் திட்டம், கூரையும் கழிப்பறையும்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் கிராமம் ஒன்றில் பெண்கள் பள்ளிக்காக நான் வரைந்த திட்டத்தை இங்கே போட்டபோது, "தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வெந்துபோக மாட்டார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதே நாட்டின் காண்டோ கிராமத்தில் கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கெரே வடிவமைத்து, ஊராரே சேர்ந்து 2001-இல் கட்டிய பள்ளியின் வழியைப் பின்பற்றுகிறேன். சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல் சுவர், மண் கல் உள்கூரை, அதற்கு மேல் இடைவெளி விட்டுத் தூக்கிய தகரம். சூடான காற்று தங்காது.

அப்புறம் கழிப்பறை. எனக்கு இதுதான் முக்கியம். மாதவிடாய் நாட்களில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போக, சரியான கழிப்பறை இல்லாததும் ஒரு காரணம். ஒவ்வொன்றிலும் உள்தாழ்ப்பாள், அலசத் தண்ணீர், துணி மாட்டக் கொக்கி. வகுப்பிலிருந்து தூரமில்லை, ஆனால் கதவு பாதையைப் பார்த்து இருக்காது. கிணற்றுக்கு இடம் முடிவானதும் அடுத்த வரைபடம் போடுகிறேன்.