ஏறுதடப் பிழை, ஏறுதட விலகல்: இரண்டு சொல் வேண்டும்

> புறப்பாட்டில் விமானி வழியைக் கோட்டைவிடுவதற்கு "திசை தவறுதல்" என்றே போட்டுவிடலாமே. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். எதற்குப் புதுச்சொல்?

அன்புள்ள கொடைக்கானல் அக்காவுக்கும் குழும நண்பர்களுக்கும் குன்னூரிலிருந்து வணக்கம். விமானம் எழும்பியதும் போகவேண்டிய, முன்கூட்டியே வகுத்த வழியைத்தான் "ஏறுதடம்" என்கிறேன். அந்த வழி தவறுவதற்கு நம் கட்டுரையில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்பதுதான் பேச்சு.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் எந்தெந்த நிகழ்வுக்கு இந்தச் சொல்லைப் போடப்போகிறோம் என்று பார்த்துவிட்டு முடிவுசெய்வோம்.

1989 செப்டம்பர் 3. பிரேசிலில் மராபாவிலிருந்து பெலெம் போகவேண்டிய வாரிக் நிறுவன விமானம் 254. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம். பயணத்திட்டத் தாளில் திசை 0270 என்று நான்கு இலக்கமாக அச்சாகியிருந்தது. கடைசி இலக்கம் தசமம், அதாவது 27.0 பாகை, வடக்கே சற்றுக் கிழக்காக. கேப்டன் அதை 270 என்று படித்து, அப்படியே திருகி வைத்தார். 270 என்றால் நேர் மேற்கு. துணை விமானி தாளைப் பார்க்கவில்லை. கேப்டன் வைத்திருந்ததைப் பார்த்துத் தன் பக்கமும் வைத்துக்கொண்டார். எரிபொருள் தீர்ந்து, இரவில் அமேசான் காட்டில் விழுந்தது விமானம். அதில் இருந்த 54 பேரில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், எல்லாரும் அல்ல.

இதற்கு "திசை தவறுதல்" கச்சிதமாகப் பொருந்துகிறது. அடுத்தது பொருந்துமா?

2015 மார்ச் 10, சிட்னி. கோலாலம்பூர் புறப்பட்ட ஏர் ஏஷியா எக்ஸ் விமானம், ஏர்பஸ் ஏ330. நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கேப்டன் கையால் உள்ளிடுகிறார். வேண்டியது 15109.8 கிழக்கு, அதாவது 151 பாகை 9.8 கலை (ஒரு பாகையில் அறுபது கலை). உள்ளே போனது 01519.8, அதாவது 15 பாகை 19.8 கலை. விமானம் சிட்னியில் நிற்க, கணினி அதைப் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துக்கொண்டது. மேலெழும்பித் தானியங்கியை (ஆட்டோபைலட்) இணைத்ததும் விமானம் இடப்பக்கம் திரும்பி, பக்கத்து இணை ஓடுபாதையின் புறப்பாட்டு வழியைக் குறுக்கிட்டது. கடைசியில் மெல்பர்னில் இறக்கினார்கள். இங்கே யாரும் திசையைத் தவறவிடவில்லை. தவறாகப் போனது இடம். அதுவும் தரையில், எழும்பும் முன்பே.

நான் சொல்லவருவது இதைத்தான். பிழை நடக்கும் இடமும் விமானம் விலகும் இடமும் ஒன்றல்ல. பிழை பெரும்பாலும் தரையில், விரல் நுனியில் நடக்கிறது. விலகல் வானத்தில், சில நிமிடம் கழித்து. நடுவில் உள்ள அந்தச் சில நிமிடத்தில்தான் பாதுகாப்பு முழுக்க இருக்கிறது: ஒருவர் படிக்க மற்றவர் வரைபடத்தோடு ஒப்பிடுவது, ஓடுபாதையில் போய் நின்றதும் திசைகாட்டியையும் ஓடுபாதை எண்ணையும் ஒத்துப் பார்ப்பது எல்லாம் அதற்காகத்தான். அங்கே பிடிபட்டால் பிழை உண்டு, விலகல் இல்லை. மறுபுறம், எதிரே இடிமேகம் நிற்கிறது, கட்டுப்பாட்டாளரே "வலப்பக்கம் திரும்பு" என்கிறார் என்றால் விலகல் உண்டு, பிழை இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், தடத்தை விட்டு நகர்ந்த ஒவ்வொரு விமானிமேலும் பழி விழும். தமிழில் படிக்கிறவர் விசாரணை அறிக்கையைவிட மோசமான தீர்ப்போடு எழுந்து போவார். எனக்கு அது பொறுக்கவில்லை.

> அப்படியானால் "தடம் புரளல்"?

சேலத்து ஐயா, எங்கள் ஊரில் இது எடுபடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் வரும் ஊரில் "தடம் புரண்டது" என்றால் நாலு பேர் ஸ்டேஷன் பக்கம்தான் ஓடுவார்கள். அந்தச் சொல் ரயிலுக்கே இருக்கட்டும். "வழி தப்புதல்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வழி தப்பியவனுக்குத் தான் தப்பியது தெரியும், நின்று விசாரிப்பான். இந்த விமானிகள் சரியான வழியில்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே போகிறார்கள்.

என் முன்மொழிவு: ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்து வான்வழியில் சேரும்வரை, எங்கே திரும்புவது, எந்த உயரத்தில் எதைக் கடப்பது என்று முன்கூட்டியே வகுத்து அச்சிட்ட வழி "ஏறுதடம்". ஓடுபாதை போலவே வினைத்தொகை, வாயில் தடையில்லாமல் வருகிறது. தரையிறங்க வரும் வழிக்கு "இறங்குதடம்" தானாகவே கிடைத்துவிடுகிறது. இதிலிருந்து "ஏறுதடப் பிழை", "ஏறுதட விலகல்".

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். "கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறியதும் புதிய ஏறுதடத்தை உள்ளிட மறந்தார்கள்; ஏறுதடப் பிழையைக் கட்டுப்பாட்டாளர் ரேடாரில் கண்டு சொன்னதால் விலகல் அதிகமாகவில்லை." நிற்கிறது என்றே நினைக்கிறேன். ஓடுபாதை மாற்றத்தை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஏறுதடப் பெயர் ஒரு வழிப்புள்ளியின் பெயர், ஓர் எண், ஓர் எழுத்து என்று அமைகிறது. ஒரே புள்ளிக்குப் போகும் இரண்டு ஏறுதடங்களுக்குள் கடைசி எழுத்து மட்டுமே வேறாக இருக்கலாம். திரையில் அடுத்தடுத்த வரியில் நிற்கும் அந்த ஓர் எழுத்து மாறினால், வேறு ஓடுபாதைக்கான வழி ஏறிவிடும்.

> விலகல் என்றால் புள்ளியியல் சொல்லோடு குழம்பாதா?

அது திட்டவிலக்கம். விலக்கம் வேறு, விலகல் வேறு. இயற்பியலில் ஒளிவிலகல் இருக்கிறது, அதுவும் போகும் பாதை மாறுவதுதான். குழப்பம் வராது.

எதற்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது என்பதையும் வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று இங்கே நஞ்சப்பசத்திரத்தில் 14 பேரைப் பலிகொண்ட ஹெலிகாப்டர் விபத்து ஏறுதடப் பிழை ஆகாது. திடீரென்று சூழ்ந்த மேகத்துக்குள் போய் விமானி திசையுணர்வு இழந்தார் என்பதே முப்படை விசாரணையின் முதல்கட்ட முடிவு. உள்ளிட்ட வழி தவறியதாக அதில் இல்லை. மலைக்காரர்கள் நாம் இந்த வேறுபாட்டில் கவனமாக இருக்கவேண்டும். கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மலை ஓரத்து ஊர்களில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை எழும்பிய பிறகு யோசிக்க முடியாது.

1983இல் ஆங்கரேஜிலிருந்து கிளம்பிச் சுட்டு வீழ்த்தப்பட்ட கொரியன் ஏர் 007 பற்றி ஒரு நண்பர் கேட்டிருந்தார். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே விலகல் தொடங்கிவிட்டது, உண்மை. ஆனால் அது பயணம் முழுக்க நீண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆனது. அதை வெறும் "தடவிலகல்" என்று பொதுச்சொல்லால் குறிப்பது மேல்.

"பிழை" கூடக் கடுமையாகத் தெரிகிறது, "பிசகு" போதும் என்று அக்கா தனிமடலில் எழுதியிருந்தீர்கள். பிசகு நல்ல சொல்தான். ஆனால் வாரிக் காட்டில் விழுந்ததைப் பிசகு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டு, மறுப்பு வராவிட்டால் கட்டுரையில் ஏறுதடப் பிழை, ஏறுதட விலகல் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன்.