காப்பக நாயைத் தத்தெடுக்க ஆலோசனை தேவை (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். டர்பன் எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்க எண்ணியிருக்கிறோம். பழுப்பு நிறப் பெண் நாய். ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். கம்பி வலையில் உடம்பை அப்படியே சாய்த்து, தடவச் சொல்லி நிற்கிறது. “வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் நாயா?” என்ற மாமியார்கூட, அது தயிர்ச்சோறு சாப்பிடுமா என்று விசாரித்துவிட்டார்!

கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுத்தான் தருவார்கள். அதற்குமுன் வீட்டைப் பார்க்க ஆள் வரும். எங்களுடையது வாடகை வீடு. உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார், எழுத்தில் கேட்பார்களா? முன்பக்க மதில் இடுப்பளவுதான், கேட்டுக்கு அடியில் இடைவெளியும் உண்டு. வலை அடித்தால் போதுமா?

என் பெரிய கவலை பட்டாசு. தீபாவளியும் நவம்பர் 5 அன்று பட்டாசு வெடிக்கும் ‘கை ஃபாக்ஸ்’ (Guy Fawkes) இரவும் அடுத்தடுத்து வருகின்றன. மிரண்டு ஓடும் நாய்களை ஆண்டுதோறும் நம் தெருவிலேயே பார்க்கிறோம். அந்த இரவுகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கால்நடை மருத்துவர் தரும் மாத்திரை பலன் தருகிறதா?

உண்ணிக் காய்ச்சல் வராமலிருக்க மாத்திரையா, கழுத்துப்பட்டையா, எது நல்லது? நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம் என்பது தெரியும். அதை இலவசமாகப் போடும் முகாம் சாட்ஸ்வொர்த் பக்கம் நடந்தால் சொல்லுங்கள்.

“கடையில் நல்ல ஜாதிக் குட்டி வாங்குங்களேன்” என்பவர்களுக்கு நன்றி, வேண்டாம். சனிக்கிழமை மறுபடியும் காப்பகத்துக்குப் போகிறோம். அதற்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.