ரீஃபாக்டரிங்: 'சிக்கெடுத்தல்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். நிரலின் செயல்பாடு மாறாமல் அதன் உள்ளமைப்பை மட்டும் சீர்செய்வதை ஆங்கிலத்தில் ரீஃபாக்டரிங் (refactoring) என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே பேச்சு. வந்த கேள்விகளை எடுத்துக்காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> 'மறுசீரமைப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. 1956இல் மாநில மறுசீரமைப்பு நடந்தபோது எல்லைகள் மாறின, ஊர்கள் கைமாறின. ரீஃபாக்டரிங்கில் நிரல் நேற்றுச் செய்ததையேதான் இன்றும் செய்ய வேண்டும். உள்ளமைப்பு மட்டும் படிக்கும்படி ஆக வேண்டும். வில்லியம் ஒப்டைக் 1992இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும் இந்த மாறாமையின் மேல்தான் நிற்கிறது. கலைச்சொல் அதைச் சுமக்க வேண்டாமா?

> மறுகாரணியாக்கம்?

'ஃபாக்டர்' என்றால் காரணி, ஆகவே ஆங்கில மூலத்துக்கு நேர்மையான சொல். 3×5 + 3×7 என்பதை 3×(5+7) என்று எழுதினால் பொதுவான 3 வெளியே வந்துவிடுகிறது, விடை 36 அப்படியே இருக்கிறது. அழகான கருத்துதான். ஆனால் 'மறுகாரணியாக்கினேன்' என்று யார் வாயில் வரும்?

நான் முன்வைப்பது 'சிக்கெடுத்தல்'. தலைமுடியில் சிக்கெடுக்கும் கையைப் பாருங்கள். நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். வேலை முடியும்போது அதே முடிதான், சீப்பு ஓடுகிறது.

சென்ற மாதம் ஒரு கடையின் பில் போடும் நிரலைப் பிரித்தேன். ஒரே கோப்பில் 4,200 வரிகள். தள்ளுபடிக் கணக்கு மூன்று இடங்களில் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. மூன்றையும் ஒரே செயற்கூறாக்க (function) போனபோதுதான் கண்ணில் பட்டது: இரண்டு இடங்களில் 99.60 என்பது 100 ஆகிறது. மூன்றாவதில் பைசாவை வெட்டிவிட்டு 99 என்கிறது. அப்படியே இணைத்திருந்தால் வாடிக்கையாளரின் ரசீதில் தொகை மாறியிருக்கும். அது சிக்கெடுத்தல் அன்று, வழுநீக்கம், அதாவது நிரலின் பிழையைத் திருத்துவது. மூன்றாவதைத் தொடாமல் விட்டு மற்ற இரண்டை மட்டும் இணைத்தேன். எது சரி என்று கடைக்காரரிடம் கேட்டபின், வழுவைத் தனிக் கமிட்டில் (நிரல் மாற்றத்தின் தனிப் பதிவில்) திருத்தினேன். இரண்டு வேலைகளுக்கும் இரண்டு தெளிவான சொற்கள் இருந்தால் இந்தக் கோடு தானாகவே விழும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

> வீட்டுப் பேச்சுச் சொல்லாக இருக்கிறதே?

பூக்கோக்கும் 'கோ'விலிருந்துதான் 'கோப்பு' வந்தது. அன்றாடச் சொல் என்பது குறையாகாது.

உண்மையான குறை வேறு. 'சிக்கல்' என்ற சொல் நெருங்கி நிற்பதால் சிலர் இதையும் வழுநீக்கம் என்று எண்ணலாம். சிக்கே இல்லாத நிரலைப் புதிய வசதிக்காக மாற்றி அடுக்கும்போதும் சொல் சற்று இடிக்கும். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 'சிக்கெடுத்தேன்', 'சிக்கெடுத்த பின்', 'இந்தக் கோப்பைச் சிக்கெடுக்க வேண்டும்' என்று வினை தடையில்லாமல் ஓடுகிறது. 'மறுகாரணியாக்க'த்தில் அது நடக்காது.

பெயர்ச்சொல்லாகச் 'சிக்கெடுத்தல்' வேண்டுமா, 'சிக்கெடுப்பு' போதுமா? கமிட் செய்திகளின் தலைப்பில் இடம் குறைவு என்பதால் பின்னதன் பக்கம் சாய்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் நிரலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.