பெட்டி பிரிக்காத தேவதைக் கதைப் பொம்மைகளைச் சென்னைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேட்டவர்: வெள்ளிக்கவுன்

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, வரும் ஆவணியில் சென்னைக்கே திரும்பிவிடுவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். பாத்திரம் பண்டங்கள், மேசை நாற்காலிகள் எல்லாம் கப்பலில் வரும். அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பொம்மைப் பெட்டிகளை நினைத்துத்தான் உறக்கம் வரமாட்டேன் என்கிறது.

டிஸ்னி ஸ்டோர் 2013இல் வெளியிட்ட 'ஃபேரிடேல் டிசைனர் கலெக்‌ஷன்' இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே பெட்டிக்குள் கதையின் நாயகியும் நாயகனுமாக இரண்டு பொம்மைகள் இருக்கும். ஒவ்வோர் இணைக்கும் உலகம் முழுமைக்கும் 6,000 பெட்டிகள்தான். கூடவே வரிசை எண் இட்ட நம்பகச் சான்றிதழும் வரும். அந்த வரிசையில் ஆறு இணைகள் என்னிடம் உள்ளன. அதற்கு முந்தைய ஆண்டு வந்த வில்லன்கள் வரிசையிலிருந்து, உறங்கும் அழகி கதையின் சூனியக்காரி மேலஃபிசென்ட்டும் இருக்கிறாள். அவள் 13,000 பெட்டிகளில் ஒருத்தி என்பதால் அவ்வளவு அரியவள் அல்லள். ஆனாலும் கொம்பும் கறுப்பு அங்கியுமாக நிற்கும் அவளைவிட அழகான பொம்மை என்னிடம் வேறு இல்லை. வீட்டுக்கு அருகிலிருந்த கடையில் விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கியவை இவற்றில் நான்கு. டிஸ்னி நிறுவனம் வட அமெரிக்காவில் தன் கடைகளில் பலவற்றை 2021இல் மூடியபோது அந்தக் கடையும் போய்விட்டது. ஆகவே இவற்றில் ஒன்று கெட்டாலும் அதே வழியில் மறுபடி வாங்க எனக்கு வாய்ப்பில்லை.

என் புனைபெயரைப் பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். 1950இல் வந்த படத்தில் சிண்ட்ரெல்லா நடனத்துக்கு அணிந்து செல்லும் உடை வெள்ளி நிறம். பிற்காலத்தில் கடைகளுக்கு வந்த பொம்மைகளிலும் புத்தகப் பைகளிலும் அதை நீலமாக்கிவிட்டார்கள். அந்த நீலத்தை நான் இன்னமும் மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்விக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு பெட்டியைக்கூட நான் பிரித்ததில்லை. பிரிக்காமல் வைத்தால்தான் பொம்மை புதிதாகவே இருக்கும் என்று நம்பியிருந்தேன். சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தின் பொம்மை ஒன்றை (பெயர் இங்கே வேண்டாம்) பெட்டியோடு எடுத்துப் பார்த்தபோது, யாருமே தொடாத அதன் கூந்தல் எண்ணெய் தடவியது போலப் பிசுபிசுத்திருந்தது. காலில் உடையின் சாயமும் இறங்கியிருந்தது. பெட்டிக்குள் இருந்தும் இப்படி ஆகுமென்றால், சென்னைப் புழுக்கத்தில் மற்றவற்றின் கதி என்ன? பிரித்துக் கொண்டுவருவது நல்லதா, பிரிக்காமலே கொண்டுவருவது நல்லதா? பட்டறிவு உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: ஈரக்காற்று

சகோதரிக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் வசிப்பவன். ஆண்டு முழுவதும் ஈரக்காற்றிலேயே சேகரிப்பு நடத்துகிறவன் என்பதால் சென்னைப் புழுக்கத்தைக் கண்டு நீங்கள் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரத்தால் முதலில் கெடுவது பொம்மை அன்று, பெட்டியும் சான்றிதழும்தான். அட்டை நெகிழ்ந்து வளையும், பசை விட்டுப்போகும், பிறகு பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் படரும், அதன் பின்னாலேயே இராமபாணப் பூச்சி வரும். உடையில் உள்ள சரிகையும் பொத்தானும் ஈரத்தில் கறுப்பதுண்டு.

ஒளிப்படக் கலைஞர்கள் காமிராவையும் லென்ஸையும் வைக்கும் மின்சார ஈரநீக்கி அலமாரிகளில் பெரிய அளவுடையது ஒன்றை வாங்கி, ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் நிறுத்தி, என் பொம்மைகளை அதில்தான் வைத்திருக்கிறேன். 30க்கும் கீழே இறக்கினால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அளவில் அட்டையும் பசையும் வறண்டு விரிசல் விடும். அலமாரி வாங்க இயலாவிட்டால், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆனால் நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை மறந்தீர்களானால் சிலிக்கா ஜெல் போட்டதும் போடாததும் ஒன்றே. ஈரமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். விலை அதிகமில்லை, கண்ணால் பார்க்காமல் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

பிரிப்பதா வேண்டாமா என்பதில் என் கட்சி பிரிப்பதுதான். எனக்கு அவை முதலீடு அல்ல.

மறுமொழி 2: பஞ்சும் தூரிகையும்

அருங்காட்சியகம் ஒன்றில் பழம்பொருள்களைப் பேணும் பணியில் இருப்பவள் நான். எங்களிடம் பிளாஸ்டிக் பொருள்களும் வருவதால் சிலவற்றைச் சொல்ல முடியும். ஈரப்பதம் பற்றி மேலே நண்பர் எழுதியது சரி. ஆனால் வெள்ளிக்கவுன் அவர்கள் கண்டது ஈரத்தின் வேலை அன்று. காலமும் வெப்பமும் சேர்ந்து செய்த வேலை.

இத்தகைய பொம்மைகளில் உடற்பகுதி பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக்காகவும், தலையும் கைகால்களும் மென்மையான வினைலாகவும் இருக்கும். வினைல் எனப்படும் பிவிசி இயல்பில் விறைப்பானது. எண்ணெய் போன்ற மென்மையூட்டியைக் கலந்துதான் அதைத் தோல் போல வளையச் செய்கிறார்கள். அந்த மென்மையூட்டி பிவிசியோடு வேதிப் பிணைப்பில் இல்லை, உள்ளே கலந்து நிற்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மெதுவாக மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். பெட்டி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைப் பார்த்து அது நிற்பதில்லை. வெப்பம் கூடினால் வேகம் கூடும். அப்படி எண்ணெய் ஊறிய கால்மீது அடர்நிறத் துணி படிந்திருந்தால் சாயம் அதில் கரைந்து வினைலுக்குள்ளேயே இறங்கிவிடும். பிறகு துடைத்தாலும் போகாது. உங்கள் தொகுப்பில் நான் முதலில் அஞ்சுவது மேலஃபிசென்ட்டுக்காகத்தான். கறுப்பு அங்கி என்றீர்கள்.

கூந்தல் பிசுபிசுப்பது வேறு கதை. முடி உதிராமல் இருக்கத் தலைக்குள் பசை இடுகிற வழக்கம் சில தயாரிப்புகளில் உண்டு. தரம் குறைந்த பசையாக இருந்தால், ஆண்டுகள் கழித்து அது இளகி மயிர்த்துளைகள் வழியே வெளியே வரும். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் கொண்டு கழுவலாம், சோளமாவு தூவி உறிஞ்ச வைக்கலாம். ஆனால் தலைக்குள் பசை இருக்கும்வரை அது திரும்பவும் வரும். கொதிநீர் மட்டும் வேண்டாம். பொம்மைக் கூந்தல் சரான், நைலான், கனெகலான் என்று பல இழைகளில் வருவதுண்டு, ஒவ்வொன்றும் தாங்கும் சூடு வேறு. எந்த இழை என்று தெரியாமல் சுடுநீரில் இட்டால் சுருள்முடி தும்பாகிவிடும்.

சாயக் கறைக்கு முகப்பருக் களிம்பைத் தடவி வெயிலில் வைக்கச் சொல்லுவார்கள். அந்தக் களிம்பிலுள்ள பென்சாயில் பெராக்ஸைடு கறையை வெளுப்பது உண்மை. கறையைச் சுற்றியுள்ள நிறத்தையும் சேர்த்து வெளுப்பதும் உண்மை. அரிய பதிப்பில் இந்தச் சோதனையைச் செய்ய நான் உடன்பட மாட்டேன்.

பிரித்தீர்களானால், உடைக்கும் காலுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை (மைலார் என்று கேட்டால் கிடைக்கும்) நழுவவிடுங்கள். அமிலமற்ற மென்தாளைச் சுற்றச் சொல்லும் அறிவுரை எங்கும் காணப்படுகிறது. துணிக்கும் காகிதத்துக்கும் அது நல்லது. வினைலோடு நேரடியாக ஒட்டிக்கிடந்தால், தாள் மென்மையூட்டியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வினைல் இறுகிச் சுருங்கும். தலையை அட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கும் பிளாஸ்டிக் முளைகளை இழுக்காதீர்கள். அட்டையின் பின்புறத்திலிருந்து சிறு கத்தரியால் நறுக்கி எடுங்கள். கூந்தலைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றையும் நறுக்கியே எடுக்க வேண்டும்.

உலோகத்துக்கும் வினைலுக்கும் ஆகாது என்பதற்கு 1960களின் பார்பிகளே சாட்சி. காதணியில் இருந்த செம்பு அரித்து, காதுமடலிலிருந்து கன்னம்வரை பச்சைப் புள்ளி பரவிய பொம்மைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். உங்கள் நாயகிகள் உலோகக் காதணி அணிந்திருந்தால் கழற்றித் தனியே வையுங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் இதிலெல்லாம் பெரிது. கப்பலில் அனுப்பாதீர்கள். வெயிலில் நிற்கும் கொள்கலனுக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். சென்னையில் உங்கள் அலமாரிக்குள் பல ஆண்டுகளில் நேரக்கூடிய சேதம் அந்தச் சில வாரங்களில் நேர்ந்துவிடும்.

மறுமொழி 3: இரண்டாங்கை

விற்றுவாங்குகிறவன் என்ற முறையில் என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரித்தால் விலை இறங்கும். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் பிரிக்காத பெட்டி என்பதாலேயே விலை ஏறும் என்று நினைப்பதும் பிழை. பார்பியின் 'ஹேப்பி ஹாலிடேஸ்' வரிசையில் 1988இல் வந்த முதல் பொம்மைக்குப் பெரும் வரவேற்பு இருந்ததைக் கண்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவற்றை மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் ஏற்றினார்கள். எல்லோரும் பிரிக்காமலே வைத்திருந்ததால் இன்று பிரிக்காத பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை, கேட்பாரும் இல்லை. உங்கள் 6,000 பெட்டிகளின் நிலை வேறு. இனி அந்த எண்ணிக்கை குறையுமே தவிரக் கூடாது.

பிரித்த பொம்மைக்கும் நல்ல விலை வேண்டுமானால் உதிரிகள் ஒன்றும் தொலையக் கூடாது. சான்றிதழ், பொம்மையை நிற்கவைக்கும் தாங்கி, பெட்டியின் உள்ளட்டை, நகை, செருப்பு எல்லாம் இருக்க வேண்டும். குறிப்பாகச் செருப்பு. கண்ணாடிச் செருப்பு 1697இல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதிய கதையில் வருவது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையிலோ அது பொற்செருப்பு. எந்தக் கதையானாலும் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு இளவரசன் ஊரெல்லாம் தேடினான். சந்தையில் அப்படி ஒருவனும் தேடி வரமாட்டான். ஒவ்வொரு பொம்மையின் உதிரிகளையும் ஒரு சிறு உறையிலிட்டு, அதன்மீது சான்றிதழ் எண்ணை எழுதிவிடுங்கள். கலந்துவிட்டால் எந்தச் சான்றிதழ் எந்தப் பெட்டிக்குரியது என்று பிறகு நீங்களே ஐயுறுவீர்கள்; வாங்குகிறவர் ஐயுறாமல் இருப்பாரா? பிரிப்பதற்கு முன் நாற்புறமும் படமெடுத்து வைக்கவும் மறக்க வேண்டாம்.

வெள்ளிக்கவுன் (பத்து நாள் கழித்து)

மூவருக்கும் நன்றி. நேற்று மேலஃபிசென்ட்டின் பெட்டியைப் பிரித்தேன். கத்தரியைக் கையில் எடுத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை ஒளிக்க விரும்பவில்லை. நல்ல வேளையாகக் கன்னத்திலும் கைகளிலும் ஒன்றுமில்லை. இடது முழங்காலின் பின்புறம் மட்டும் நகக்கண் அளவுக்குச் சாம்பல் நிறக் கறை தெரிகிறது. அதைத் தொடாமல், படலத்தைச் சுற்றிவிட்டேன். காதணி பிளாஸ்டிக்தான்.

ஆறு இணைகளில் நான்கைப் பிரித்து, பொம்மைகளை எங்களோடு விமானத்திலேயே கொண்டுவரப் போகிறோம். பெட்டி அட்டைகளை மடித்தால் அவையும் அடங்கிவிடுகின்றன. இரண்டை மட்டும் பிரிக்க மனம் வரவில்லை. அவற்றைப் பெட்டியோடு ஒரு தனிப் பையில் வைத்துவிட்டு, என் கணவரின் சட்டைகளைக் கப்பலுக்கு மாற்றியிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல். நாங்கள் வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று, அம்மா சென்னை வீட்டில் மர அலமாரி ஒன்றைத் துடைத்து, தட்டுக்குத் தட்டு அந்துருண்டை போட்டு வைத்துவிட்டாராம். கொலுப் பொம்மைகளை அப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறோம், அறுபது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்கிறார். அதை அப்படியே விட்டுவிடலாமா?

பஞ்சும் தூரிகையும்

விட்டுவிட வேண்டாம். கொலுப் பொம்மைகள் மண்ணாலும் காகிதக் கூழாலும் ஆனவை; அந்துருண்டை அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், பிளாஸ்டிக்கின் மேலுள்ள வண்ணப்பூச்சையும் பிசுபிசுக்க வைக்கும். சூடம் வைத்தாலும் அதே கதைதான். உருண்டைகளை இன்றே எடுக்கச் சொல்லி, கதவுகளைத் திறந்துபோட்டு, நீங்கள் வந்து சேரும்வரை காற்றாட விடுங்கள். மரத்தில் வாடை ஏறியிருக்கும். நீங்கள் வந்தபின்னும் வாடை இருந்தால் அந்த அலமாரியைத் துணிமணிக்கு வைத்துக்கொண்டு பொம்மைகளுக்கு வேறு இடம் பாருங்கள். அம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள். அவர் முறை அவருடைய பொம்மைகளுக்குச் சரியான முறைதான்.