எண்ணூர் கழிமுகத்தின் பழைய உருவம் தெரிய ராணுவ வரைபடம் உதவுமா?

காட்டுக்குப்பத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எண்ணூர் காட்டுக்குப்பம் என் ஊர். கொசஸ்தலை ஆற்றில் பாடு முறையில், அதாவது இடத்தை முறை வைத்துப் பிரித்துக்கொண்டு, இறால் பிடித்த பெரியவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். எங்கே ஆழம், எங்கே கண்டல் காடு, எந்தக் கரையில் உப்பளம், எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும் என்றெல்லாம் இடம் இடமாகப் பெயர் சொல்லிப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் கை காட்டும் பக்கம் பார்த்தால் இன்றைக்குச் சாம்பல் மேடும் மதில் சுவரும்தான் தெரிகிறது. அவர்கள் இருக்கும்போதே அந்த இடங்களை ஒரு வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று நாங்கள் சிலர் இறங்கியிருக்கிறோம்.

தேடும்போது டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் அமெரிக்க ராணுவம் போட்ட இந்திய வரைபடத் தொகுப்பு இலவசமாகக் கிடைத்தது, யூ502 வரிசை, 1:2,50,000 அளவு. இதைப் போனில் இன்றைய வரைபடத்தின் மேல் விரித்து, படகில் போகும்போது எங்கே நிற்கிறோம் என்று பார்க்க முடியுமா? நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் இது செல்லுமா?

தண்டையார்பேட்டை சங்கிலி:

விரித்துப் பார்க்கலாம் தம்பி, ஆனால் அந்த ஷீட்டிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1:2,50,000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 250 மீட்டர். உங்கள் பெரியவர் சொல்லும் வாய்க்கால் அதில் கோடாகக்கூட விழுந்திருக்காது. ஆறு எப்படி வளைகிறது, பக்கிங்காம் கால்வாய் எங்கே வந்து சேர்கிறது, உப்பளம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது, இவற்றுக்கு அது போதும்.

அப்புறம், ராணுவ வரைபடம் என்றதும் போர்க்காலத்தில் வரைந்தது என்று நினைத்துவிடாதீர்கள், யூ502 இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வந்த வரிசை. அமெரிக்க ராணுவ வரைபடச் சேவை 1942-ல் போருக்காகத் தொடங்கியதுதான், ஆனால் இந்த இந்திய ஷீட்டுகள் 1950-களில் தொகுத்தவை, அதுவும் பெரும்பாலும் நம் சர்வே ஆஃப் இந்தியா, அதாவது மத்திய அரசின் நில அளவைத் துறை, போட்ட ஷீட்டுகளைப் பார்த்துத்தான். அதனால் அடியில் இருக்கும் ஓரக்குறிப்பைப் படிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். அச்சிட்ட வருஷம் ஒன்றாக இருக்கும், தரையில் ஆள் இறங்கி அளந்த வருஷம் அதற்கு ரொம்ப முந்தையதாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது அளந்த வருஷம்.

பழைய தாளை இன்றைய வரைபடத்தோடு பொருத்தும் வேலையை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் செய்யுங்கள், அது இலவசம். பழைய சர்வே ஆஃப் இந்தியா ஷீட்டாக இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட எடுத்த அடிப்படை எவரெஸ்ட் தளம், நம் போன் ஜிபிஎஸ் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு தளம். இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விரித்தால் நம் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும், ஆற்றில் இருக்கும் படகு கரையில் நிற்பதாகக் காட்டும். மாற்றிய பிறகும் திருவொற்றியூர் கோயில் குளம், ரயில் பாலம் மாதிரி இடம் மாறாத புள்ளிகளை வைத்துச் சரிபாருங்கள். முகத்துவாரத்தை மட்டும் அதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மணல் அடைத்து, மழைக்குத் திறந்து, அது இடம் மாறிக்கொண்டே இருப்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் ஊர்க்காரர்களுக்கே நன்றாகத் தெரியும்.

ராயபுரம் பழைய ஆள்:

ராணுவ வரைபடத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு நான் ஒரு காரணம் சொல்கிறேன். வரி வாங்க வரைந்த வரைபடத்தில் எது யாருடைய நிலம் என்பதுதான் முக்கியம். ராணுவத்துக்கு அது தேவையே இல்லை. குடிக்கக் கிணறு எங்கே, வண்டி புதையாத தரை எது, பாலம் போனால் எந்த இடத்தில் இறங்கிக் கடக்கலாம், ஏரிக்கரை எவ்வளவு உயரம், இதுதான் அவர்கள் கவலை. ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் வந்த பழைய ஷீட்டில் ஏரிக்கரை ஓரமாகச் சின்னதாக ஒரு எண்ணும் பக்கத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும், சுற்றுத் தரையிலிருந்து கரை அவ்வளவு உயரம் என்று அர்த்தம். வண்டி புதையும் என்று அன்றைக்குக் குறித்த சேற்று நிலமும் உவர் நிலமும் எங்கே என்று பாருங்கள், மணலி புதுநகர் பக்கம் தண்ணீர் ஏன் வடிய மாட்டேன் என்கிறது என்பது அந்தத் தாளிலேயே புரியும்.

மெட்ராஸுக்கு அந்தக் கவலை சும்மா வரவில்லை. 1914-லேயே எம்டன் கப்பல் நம் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்து நாம்தான் என்று ஊரே காலியானது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘எவாக்குவேஷன்’ என்று சொன்னது அதைத்தான்.

உங்களுக்கு வேண்டியது சர்வே ஆஃப் இந்தியாவின் அந்த 1:63,360 ஷீட், அதாவது ஒரு மைலுக்கு ஒரு அங்குலம். எண்ணூர் வருவது 66 சி/8 ஷீட்டில், அதற்கு வடக்கே பழவேற்காடு பக்கம் 66 சி/7. கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் வரும் ஷீட்டுகளைப் பல வருஷம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள், அதனால் ‘கட்டுப்பாடு’ முத்திரை இருக்கும் தாளை எங்கேயாவது பார்த்தால் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். பொதுமக்களுக்கென்று வெளியிடும் இன்றைய திறந்த வரிசை ஷீட்டை சர்வே ஆஃப் இந்தியா தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், ஒப்பிட அது வேண்டும். பழையதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை லென்ஸ்:

வரைபடத்தோடு நிற்க வேண்டாம் நண்பரே, கொரோனா படங்களையும் பாருங்கள். நோய் இல்லை, 1960-லிருந்து 1972 வரை அமெரிக்கா பறக்கவிட்ட உளவுச் செயற்கைக்கோள்களின் பெயர் அது. 1995-ல் ரகசியம் நீக்கினார்கள், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்-இன் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடலாம். ஏற்கெனவே யாராவது காசு கட்டி ஸ்கேன் செய்ய வைத்திருந்தால் இலவசம், இல்லையென்றால் நாம் கட்ட வேண்டும்.

எண்ணூருக்கு இது பெரிய கொடை என்றே சொல்வேன். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் வந்தது, வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல், எண்ணூர்த் துறைமுகம் 2001-ல். அறுபதுகளில் எடுத்த படம் கிடைத்தால் இது எதுவும் இல்லாத கழிமுகம் அப்படியே கறுப்பு வெள்ளையில் இருக்கும், படம் தெளிவாக இருந்தால் உப்பளப் பாத்தி வரப்பைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். வரைபடத்தில் வரைந்தவர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்ற சந்தேகம் இதில் கிடையாது. ஒரு தொல்லை, நீளமான பிலிம் பட்டையின் ஓரங்களில் படம் இழுபட்டிருக்கும். மொத்தப் பட்டையையும் பொருத்தப் பார்க்காமல் எண்ணூரை மட்டும் வெட்டி எடுத்து, அதற்குள்ளேயே நிறையப் புள்ளிகள் வையுங்கள்.

காட்டுக்குப்பத்தான்:

ரொம்ப நன்றி அண்ணா, எல்லோருக்கும்தான். அப்படியென்றால் வழக்கு விஷயம்?

தண்டையார்பேட்டை சங்கிலி:

துணைச் சான்றாக வைக்கலாம் தம்பி, எல்லைக்குச் சான்றாக வைக்க முடியாது. எல்லைக்குத் தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடம், எஃப்எம்பி என்ற புல அளவை வரைபடம், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, இவற்றின் சான்றிட்ட நகல்தான் பேசும், அவற்றில் ஓடை, கழுவெளி, உப்பளம் என்று எப்படி வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று சர்வே எண் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று வந்தால் அதற்கு 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் கையில் வையுங்கள், எண்ணூர் விவகாரத்தில் பெரிய சர்ச்சை நடந்ததே அதை வைத்துத்தான்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். ஷீட்டைப் பெரியவர்களிடம் காட்டுவதற்கு முன்னால் அவர்களைப் படகில் கூட்டிப் போய், அவர்கள் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, சொன்னதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்துவிடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள் என்று பின்னால் யாரும் பேசக் கூடாது. தனித்தனியாக எடுத்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் அதற்கு இருக்கும் பலமே வேறு.